நடைவேந்தரின் படிக்கட்டு

வாங்கம்மிணி, வாங்க. கரூர்ப் பட்டறையில இருந்துதானுங்களே? ஆள் அனுப்பறோம்னு சொன்னாங்க, அம்மிணி வருவீங்கன்னு சொல்லல. அதனால என்னுங்க, எங்க கட்சியில மகளிருக்கு ரொம்ப மரியாதை. மகளிரணிச் செயலாளரே எங்க மாவட்டச் செயலாளரோட சம்சாரந்தான். ஆகட்டும், பேரென்னுங்க? சவுடேஸ்வரியா? நல்லதுங்க.

இருங்க, இருங்க, கை வெச்சறாதீங்க! வண்டிக் கதவுக்குப் பக்கத்துல, சட்டத்துல, தலைவர் படம் ஒட்டிருக்குது பாருங்க. அதை மொதல்ல எடுத்துக்கறேன். கிரீஸ் கை பட்டுதுன்னா கெரகம், அப்பறம் அது வேற பஞ்சாயத்து ஆயிரும். எந்த மெக்கானிக்கு வந்தாலும் எனக்கு மொதல் சோலி இதுதானுங்க. படத்தை எடுத்து, துண்டுல சுத்தி, கக்கத்துல வெச்சுக்கிட்டு நிப்பேன். அவிங்க வேலையை முடிச்சுப் போன பொறவு, நல்லாத் தொடச்சு, அதே எடத்துல ஒட்டிருவேன். இப்பச் சரி. இனி நீங்க எதை வேணாலும் கழட்டுங்க.

என்ற பேரு அர்த்தநாரி. ஊரு இதே திருச்செங்கோடுதான், பேரைக் கேட்டாலே தெரிஞ்சுக்கலாம். கட்சியில வாகனப் பாதுகாப்புச் செயலாளர். அப்படியொரு பதவி மூணு மாசத்துக்கு முந்தி கெடையாதுங்க. இந்த வண்டிப் படிக்காகவே உண்டாக்கி எனக்குக் குடுத்தாங்க. லெட்டர்பேடு கூட அடிச்சாச்சு. அதுக்கு மேல ஒரு ஓரத்துல படி படமும் போடச் சொன்னேன், அச்சாபீசுக்காரன் ஏணி படம் போட்டுட்டான். பரவால்லைன்னு விட்டுட்டேன்.

கீழ படுக்கறீங்களா? சாக்கு விரிக்கட்டுமா? வேண்டாமா, சரி. படுத்துக்கிட்டே கேளுங்க, நான் இங்க நின்னே சொல்றேன். விஷயம் என்னன்னு முழுசாத் தெரிஞ்சாத்தானே வைத்தியம் பாக்க முடியும்.

இந்த வண்டி உங்க பட்டறையில கட்டுனதுதானுங்க. உள்ள கட்டில், கக்கூஸ், ஏசி, எல்லாம் வீடு மாதிரி. கதவைத் தெறந்தா இந்தப் படி தானா வெளிய வரோணும், சாத்துனா தானா உள்ள போகோணும். ஒரு வருஷம் அப்படித்தான் வந்துச்சு, போச்சு. ஒரு கொறை சொல்ல முடியாது. தலைவருக்கு அந்தப் படின்னா உசுரு.

ஏன்னு சொல்றேன், வெளிய சொல்லிறாதீங்க. தலைவருக்கு நடைவேந்தர்னு பட்டம். முப்பது வருஷத்துக்கு முந்தி பவானியில இருந்து மெட்ராஸ் வரைக்கும் நடந்தே போனவருங்க, காவிரித் தண்ணிக்காக. தண்ணி வரல, பட்டம் வந்துச்சு. இன்னிக்கும் மேடையில, "நாளைக்கே கூப்பிடுங்கள், குமரி வரைக்கும் நடக்கிறேன்"ம்பாரு. ஆனா ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. ரெண்டரை அடி ஒசரத்துல இருந்து எறங்கோணும்னா ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்துத் தூக்கோணும். நடைவேந்தரைத் தூக்கி எறக்குனா சனம் என்ன பேசும்? அதுக்குத்தான் இந்தப் படி. வெளிய சொல்லிறாதீங்க, நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. நாமக்கல் மெக்கானிக்கு கேட்டான், அவனுக்குச் சொன்னேன். ஈரோட்டுக்காரனுக்கும் சொன்னேன். அவ்வளவுதான்.

என்னுங்க? தெறந்து பாக்கோணுமா? தெறக்கறேன். பாருங்க! வந்துச்சு பாத்தீங்களா? இப்பச் சாத்தறேன். போச்சா? தெறக்கறேன். வந்துச்சு! இதாங்கம்மிணி என்ற வயித்தெரிச்சல். மெக்கானிக்கு முன்னாடி நல்ல புள்ளையாட்டம் வரும். நாமக்கல்லுக்காரன் ஃபியூஸ் மாத்திட்டு இருவது தடவை தெறந்து சாத்துனான், இருவது தடவையும் வந்துச்சு. ஈரோட்டுக்காரன் மோட்டாரையே மாத்துனான். சேலத்துக்காரன் கன்ட்ரோல் பாக்ஸை மாத்திட்டு, எர்த் கம்பியைச் சொரண்டி முறுக்கிட்டு, "இனி சாமி வந்தாலும் நிக்காது"ன்னு சொல்லிட்டுப் போனான். தலைவர் வந்து கதவைத் தெறந்தா, படி உள்ளயே கெடக்குது. பூசணிக்கா சுத்தி ஒடச்சேன். எலுமிச்சங்கா வெச்சு ஏத்துனேன். ஒண்ணும் கேக்கல. மனுசன் செஞ்ச வேலைக்குச் சாமி என்ன பண்ணும், சொல்லுங்க.

ஆமாங்க, மனுசன் செஞ்ச வேலை. சதி. விசாரணைக் குழுவே சொல்லிருச்சு. சொல்றேன், வரிசையாச் சொல்றேன்.

மொத மொதல்ல ராசிபுரத்துல நடந்துச்சு. அன்னிக்குத் தலைவருக்குப் பொறந்த நாளு. நான் ஈரோட்டுல சொல்லி இந்தப் படத்தைச் செஞ்சு வாங்கியாந்து, காலையில ஆறு மணிக்கெல்லாம் சட்டத்துல ஒட்டி, சந்தனம் வெச்சு, தயாரா நின்னேன். ஆணி அடிச்சா வண்டி ஓட்டையாகும், கோந்து போட்டா வெயிலுக்கு உருகும். அதனால பின்னாடி நாலு மூலையிலயும் நல்ல கனமான காந்தமா வெச்சுத் தரச் சொன்னேன். என்ற யோசனைதான். தலைவர் பாத்துட்டு ஒரு நிமிசம் நின்னாரு. அன்னையில இருந்து எறங்கறப்பல்லாம் அந்தப் படத்தைப் பாத்துத்தான் சிரிப்பைச் சரி பண்ணிக்கறாரு. படத்துல இருக்கற சிரிப்பு வர்ற வரைக்கும் நிப்பாரு, வந்ததும் எறங்குவாரு. கண்ணாடி பாத்தா சனம் கிண்டல் பண்ணும், படம் பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதில்லீங்களா?

ராசிபுரத்துல சனம் எக்கச்சக்கம். கதவைத் தெறந்தோம். தலைவர் படத்தைப் பாத்தாரு, சிரிச்சாரு, கீழ பாக்காம காலை வெச்சாரு. பாத்தா வெறும் ஆகாசம்! ஐயோ, நேரா மாவட்டச் செயலாளர் மேல போயி விழுந்தாரு. அவரு நூத்துப்பத்துக் கிலோ, அதனால தலைவருக்கு ஒண்ணுமாகல. மாவட்டத்துக்கு மட்டும் ரெண்டு விலா எலும்பு போச்சு. நான் செத்தேன்னு நெனச்சேன். ஆனா சனம் என்ன பண்ணுச்சு தெரியுங்களா? விசிலு! கைதட்டு! மறுநாள் பேப்பர்ல, "தொண்டர்கள் வெள்ளத்தில் குதித்தார் நடைவேந்தர்"னு போட்டாங்க. எழுவத்திரெண்டு வயசுல இப்படிக் குதிக்கறாருன்னு ஒரே பேச்சு. தலைவரும் "மக்களைக் கண்டால் என்னால் நிற்க முடியவில்லை"ன்னு அறிக்கை விட்டுட்டாரு. அவரு முட்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே, அவரு சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன்.

ரெண்டாவது சங்ககிரி. அங்கயும் படி வரல. இந்தத் தடவை தலைவர் உசாரு, கீழ பாத்துட்டாரு. பாத்து நின்னுட்டாரு. சனம் சும்மா விடுமா? "குதிங்க தலைவா, குதிங்க தலைவா"ன்னு கத்துது. தலைவர் கம்பியைப் புடிச்ச கையை விடல. வாசல்லயே நின்னு ஒண்ணரை மணி நேரம் பேசுனாரு. மாலை போட வந்தவங்க கம்புல மாட்டி நீட்டுனாங்க. அப்படியே கையாட்டி, அப்படியே கெளம்பிட்டோம். உள்ள போனதும் தலைவர் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "எவன்டா அது?" படி ஏன் வரலன்னு கேக்கல. எவன்னு கேட்டாரு. அதுதான் தலைமைப் பண்பு.

ஒடனே அஞ்சு பேரு விசாரணைக் குழு. ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு, ஒரு வக்கீலு, வெல்ல மண்டிக்காரர் ஒருத்தரு, ஒரு சோசியரு, அப்பறம் நானு. இந்த வண்டி நிக்கற இதே மண்டபத்துலதான் மூணு நாளு உக்காந்தோம். படியைப் போய்ப் பாக்கலாமான்னு வெல்ல மண்டிக்காரர் கேட்டாரு. ஹெட்மாஸ்டரு ஒத்துக்கல. குழு போய்ப் படியைப் பாத்தா, குத்தம் படி மேலன்னு வெளிய பேசுவாங்க, அது கட்சிக்கு நல்லதில்லைன்னாரு. நியாயந்தானே? அதனால யாரும் படியைப் பாக்கல. ஆளுங்களைத்தான் கூப்பிட்டு விசாரிச்சோம்.

அதுல டிரைவர் ராக்கியப்பனைக் கூப்பிட்டோம். அவன் வேற யாருமில்லீங்க. என்ற தங்கச்சி புருசன். என்ற மாப்ள. நான்தான் கட்சிக்குள்ள கூட்டியாந்தேன், நான்தான் இந்த வண்டியில ஏத்தி விட்டேன். நல்லா ஓட்டுவான், அதுல குத்தம் சொல்ல முடியாது. வண்டியில சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்தி எறங்கிப் பாக்கற ஆளு. ஆனா வாயி இருக்குதே வாயி. வக்கீலு கேட்டாரு, "படி ஏன் வரல, உமக்கு என்ன தோணுது?"ன்னு. அவன் எந்திரிச்சு நின்னு, துளியும் பயமில்லாம என்ன சொன்னான் தெரியுங்களா?

"தலைவர் படத்தை ஒட்டுன அன்னையில இருந்துதானுங்க படி வரல. படத்தை எடுத்துட்டு ஒருக்கா பாருங்க"ன்னான்.

தலைவர் படத்தை! எடுத்துட்டு! ஹெட்மாஸ்டரு கண்ணாடியைக் கழட்டிட்டாரு. வக்கீலு ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாரு. சோசியரு "அப்பனே"ன்னு காதைப் பொத்திக்கிட்டாரு. அத்தனை பேரும் இப்ப என்னையத்தான் பாக்கறாங்க. இவன் யாரு மாப்ள? என்ற மாப்ள. நான் எந்திரிச்சேன். மொத ஆளா நான்தான் சொன்னேன், "துரோகி"ன்னு. வேற யாராச்சும் சொல்றதுக்குள்ள நான் சொல்லிட்டேன். சொந்தம்னு பாக்காம சொன்னான்டா அர்த்தநாரின்னு தலைவரே முதுகுல தட்டுனாரு. அடுத்த வாரம் இந்தப் பதவி வந்துச்சு. ராக்கியப்பனைக் கட்சிய விட்டு நீக்கி, அவன் ஊர்லயே பேனர் வெச்சாங்க, அவன் போட்டோவைப் போட்டு. இப்ப முட்டை லாரி ஓட்டறானாம், கேரளாவுக்கு.

தங்கச்சி அதுக்கப்பறம் எங்கூட்டுப் பக்கம் வரல. ஆடி நோம்பிக்கும் வரல. அவ மகளுக்கு ஆவணியில காதுகுத்து வெச்சிருக்கறா. ஊருக்கே பத்திரிக்கை, எனக்கு மட்டும் இல்லை. தாய்மாமன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தோணும்? "கோயில் தூண்ல சாச்சு உக்கார வெச்சுக் குத்திக்கறோம்"னு சொல்லியனுப்பிருக்கறா. அது ஒண்ணுதானுங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது. புள்ள பொறந்தப்ப மொதல்ல கையில வாங்குனவன் நானு. கட்சின்னா இப்படி நாலு வரும், போகும், சொந்தத்துக்குப் புரியோணுமில்லீங்களா?

சரி, அது கெடக்கட்டும். இன்னிக்கு விஷயத்தைக் கேளுங்க. மூணு மணிக்குத் தலைவர் இந்தப் பின்பக்கத்துல வண்டியேறி, அப்படியே சுத்திக்கிட்டு மண்டபத்து முன்வாசலுக்கு வந்து, நிருபருங்க முன்னாடி எறங்கிக் காட்டப் போறாரு. முட்டி சரியில்லைன்னு எவனோ கெளப்பி விட்டுட்டான். நான் ரெண்டு மெக்கானிக்கைத் தவிர யாருகிட்டயும் சொல்லல, எப்படித்தான் வெளிய போச்சோ. இன்னிக்குப் படி வரலைன்னா நான் தொலைஞ்சேன். தலைவர் மகன், சின்னவர், காலையில கூப்பிட்டு, "இதுக்கு முந்தி உம்ம மாப்ள, இந்தத் தடவை நீரு"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னா பேனர் ரெடின்னு அர்த்தம். என்ற போட்டோ கூட ஆபீஸ்ல இருக்குது, இந்தப் பதவிக்குக் குடுத்தது.

எந்திரிச்சுட்டீங்களே. ஆச்சா? என்னது, ஒண்ணுமே பழுதில்லையா? கரண்டு வருது, எர்த்து நல்லா இருக்குது, மோட்டார் புதுசு, பாக்ஸ் புதுசு. அது எனக்கும் தெரியுமே! மூணு பேரு மாத்துனதுதானே! ஐயோ, நீங்களும் இப்படிச் சொல்லிட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?

என்ன கேக்கறீங்க? வராத அன்னிக்கு என்னென்ன இருந்துச்சோ அத்தனையும் அப்படியே வெக்கோணுமா? வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, சரி, சாவியைப் போடறேன். ஏசி, சரி. கொடி முன்னாடி, அது இருக்குது. மாலை, அது காஞ்சு போச்சு. வேறென்ன... படமா? ஆமா, படம் இருந்துச்சு. அது எப்பவும் இருக்கறதாச்சே. கையைத் தொடச்சுக்கோங்க, நானே ஒட்டறேன். இந்தாங்க, கதவைச் சாத்திட்டு ஒட்டியாச்சு. அதே எடந்தான், சந்தனத் தடம் இருக்குது பாருங்க. இப்பத் தெறக்கட்டுமா?

பாத்தீங்களா! வரல! நான் சொன்னேன்ல, வரல! சதி நடக்கறது இப்படித்தானுங்க, உங்க கண்ணு முன்னாடியே...

எதுக்குப் படத்தை எடுக்கறீங்க? ஏனுங்க, கிரீஸ் கை!

வந்துருச்சே.

நீங்க ஏதோ கம்பியைத் தொட்டீங்க. தொடலையா? சரி, கையை மேல தூக்கிக்கோங்க. நானே ஒட்டறேன். ஒட்டுனா... படி உள்ள போகுது. கதவு தெறந்துதானே இருக்குது, எதுக்கு உள்ள போகுது? எடுக்கறேன். வருது. இன்னொருக்கா. போகுது. இன்னொருக்கா.

சித்த நில்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, வெளங்கல. கதவுல ஒரு சின்னக் காந்தம், சட்டத்துல ஒரு சின்ன ஸ்விட்ச்சு. சரி. கதவு சாத்துனா காந்தம் ஸ்விட்ச்சுகிட்ட வருது, அதை வெச்சு வண்டிக்குக் கதவு சாத்திருக்குதுன்னு தெரியுது. சரி. நம்ம படத்துக்குப் பின்னாடி இருக்கற காந்தம் அந்த ஸ்விட்ச்சு மேலயே உக்காந்திருக்குது. அப்ப கதவு தெறந்தே கெடந்தாலும் வண்டி, கதவு சாத்திருக்குதுன்னே நெனச்சுக்குது. அதனால படியை வெளிய விடல.

அடேங்கப்பா! தலைவர் படத்துக்கு இவ்வளவு சக்தியா! பத்து டன் வண்டியையே... சிரிக்காதீங்கம்மிணி, சும்மா சொன்னேன்.

மெக்கானிக்கு வர்றப்பல்லாம் நான் படத்தை எடுத்தேன். எடுத்ததும் படி வந்துச்சு. அவிங்க போனதும் ஒட்டுனேன். அட பாவி. அப்ப மோட்டாரு? பாக்ஸு? எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சா?

அப்ப ராக்கியப்பன்...

கொஞ்சம் உக்காந்துக்கறனுங்க. அந்தத் தண்ணிப் பாட்டிலை இப்படித் தள்ளுங்க. அவன் அப்படியே இதைத்தான் சொன்னான். நீங்க இத்தனை நேரமாப் பாத்துச் சொன்னதை அவன் ஒரு வார்த்தையில சொன்னான். நாங்க அஞ்சு பேரு உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தோம். ஒருத்தன் எந்திரிச்சு வந்து எடுத்துப் பாத்திருக்கலாம். பத்தடி தூரத்துலதான் வண்டி நின்னுச்சு.

இல்லீங்க, படத்தை எடுத்துர முடியாது. சிரிப்புக்கு வேணுமே. எறங்கறப்ப அங்க படம் இல்லைன்னா மொத கேள்வியே "எவன்டா எடுத்தது"ன்னுதான் வரும். ஒரு சாண் தள்ளி ஒட்டலாங்கறீங்களா? தள்ளுனா தகடு முடிஞ்சு ஃபைபர் வந்துருது, காந்தம் புடிக்காது. ஓ, காந்தத்தைப் பேத்துட்டு டேப்புல ஒட்டிக் குடுக்கறீங்களா? வெயிலுக்கு நிக்குமா? நிக்கும்னா செய்யுங்க, செய்யுங்க, புண்ணியமாப் போகும். மணி ரெண்டே கால்.

வருது. போகுது. படம் அப்படியே இருக்குது, படியும் வருது. அம்மிணி, நீங்க நல்லா இருக்கோணும்.

அது என்ன எழுதறீங்க? ஜாப் கார்டா? பழுதுக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்குதா? அதுல... படிங்க பாக்கலாம். "கதவுச் சட்டத்தில் ஒட்டிய படத்தின் காந்தம்." ஐயையோ! தலைவர் படத்தால பழுதுன்னு எழுதி அதுல நான் கையெழுத்துப் போடறதா? கட்சி ஆபீஸ்ல என்னை உசுரோட பொதைச்சிருவாங்க. எலி கடிச்சுதுன்னு எழுதுங்க. எலி எல்லா வண்டியிலயும் கடிக்கும், எலிக்குக் கட்சி கெடையாது. எழுத மாட்டீங்களா? பாத்ததைத்தான் எழுதுவீங்களா? ராக்கியப்பன் மாதிரியே பேசறீங்களே.

இருங்க, ஒரு யோசனை. இதைத் தலைவரே கண்டுபுடிச்சதாச் சொல்லிரலாம். விஞ்ஞான அறிவுன்னு ஒரு பாராட்டுக் கூட்டம் கூடப் போட்டறலாம். சந்தோசத்துல தலைவர் ராக்கியப்பனை மன்னிச்சிருவாரு. அவன் மேடைக்கு வந்து கால்ல விழுந்தாப் போதும். தங்கச்சிக்கும் மனசு ஆறிரும். எல்லாத்துக்கும் நல்லது. இப்பவே ஃபோன் போடறேன், இருங்க.

அலோ, மாப்ள, நான்தான். வெச்சறாத, வெச்சறாத. நல்ல சேதி. உனக்கு மன்னிப்பு வாங்கித் தர்றேன்... ஆமா, மன்னிப்பு... ஆமா, படி சரியாயிருச்சு... அலோ? அலோ? லைன் சரியில்ல மாப்ள, அப்பறம் பேசறேன்.

லைன் நல்லாத்தான் இருந்துச்சுங்க. "படத்தை எடுத்தீங்களா மச்சான்?"னு கேட்டான். அது ஒண்ணுதான் கேட்டான். நான் வெச்சுட்டேன்.

கோவில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேக்குதுங்களா? கூட்டம் சேந்தாச்சு. அதோ தலைவர் வர்றாரு. நீங்க ஓரமா நில்லுங்க, அந்தக் கார்டை உள்ள வெச்சுக்கோங்க. முன்வாசலுக்கு வந்து பாருங்க, வேணும்னா.

வணக்கம் தலைவரே! எல்லாம் தயார் தலைவரே!

இன்னும் கெளம்பலையா அம்மிணி? நல்லவேளை, உங்களைத்தான் தேடி ஓடியாந்தேன். பாத்தீங்கல்ல? படி எப்படி வந்துச்சு! தலைவர் படத்தைப் பாத்தாரு, சிரிச்சாரு, எறங்குனாரு, ஒரு கை கூடப் புடிக்கல. பின்னாடி ரெண்டு பசங்க "குதிங்க தலைவா"ன்னு கத்துனாங்க, அதுல மட்டும் அவரு மொகம் சித்தச் சுருங்குச்சு. எனக்குப் பொன்னாடை. சின்னவர் கையாலயே. இந்தாங்க, தொட்டுப் பாருங்க.

அப்படிப் பாக்காதீங்கம்மிணி.

எனக்கென்ன தெரியும், சின்னவர் மைக்கைப் புடிச்சு "துரோகி வைத்த பழுதை முறியடித்தோம்"னு சொல்லுவாருன்னு? நிருபருங்க எல்லாம் எழுதறாங்க. அப்ப நான் போயி, இல்லீங்க, அது காந்தமுங்கன்னு சொல்ல முடியுமா? கோஷம்னா மொத வரி நான்தான் போடோணும், பதினஞ்சு வருஷமா அப்படித்தான். மைக்கு என்ற கைக்கு வந்துருச்சு. "துரோகி ராக்கியப்பன்"னு நான் சொன்னேன். "ஒழிக"ன்னு கூட்டம் சொல்லுச்சு. மூணு தடவை. மூணு தடவையும் நான்தான் சொன்னேன். வாயி பழகிப்போச்சுங்க. நிறுத்தோணும்னு நெனச்சேன், சத்தியமா நெனச்சேன், அதுக்குள்ள அடுத்ததும் வந்துருச்சு. மூணாவதைச் சொல்லிட்டு மைக்கைக் கீழ போட்டுட்டேன், அவிங்க உணர்ச்சிவசப்பட்டுட்டேன்னு நெனச்சுக் கைதட்டுனாங்க.

வேண்டாங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கார்டைக் குடுங்க.

காரணம் அதே மாதிரிதான் எழுதிருக்கீங்க. மாத்தலையா? சரி. எங்க போடோணும், இங்கயா? பேனா எழுத மாட்டேங்குது... இல்லை, எழுதுது, மூடியைத்தான் கழட்டாம இருந்திருக்கறேன். இந்தாங்க. அர்த்தநாரி, வாகனப் பாதுகாப்புச் செயலாளர். தேதியும் போட்டுட்டேன்.

இந்தக் கார்டோட நகல் எனக்கு வேண்டாங்க. கட்சி ஆபீஸுக்கும் வேண்டாம். கரூருக்குப் போனதும் ஒண்ணு தபால்ல போட முடியுங்களா? விலாசம் சொல்றேன், எழுதிக்கோங்க. கே. ராக்கியப்பன், தெற்குக் காட்டு வளவு, மல்லசமுத்திரம் வழி. அனுப்புனர்ல பட்டறைப் பேரே இருக்கட்டும், என்ற பேரு வேண்டாம். நான் அனுப்பச் சொன்னேன்னு தெரிய வேண்டாங்க.

என்னுங்க?

ஆமாமில்ல. கையெழுத்து இருக்குதே.

அவனுக்கு என்ற கையெழுத்து நல்லாத் தெரியும். அவன் கல்யாணப் பத்திரிக்கைக்கே நான்தான் விலாசம் எழுதுனேன்.

கிழிக்க வேண்டாங்க. அப்படியே அனுப்புங்க.